தூரத்துச் சட்டாம்பிள்ளை

பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். அவன் ஆசிரியன் அல்லன். மற்றப் பிள்ளைகளோடு அதே திண்ணையிலிருந்து அதே மணலில் எழுத்துப் பழகியவனே. வாத்தியார் வெளியே செல்லும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு அவனிடம் சொல்லிச் செல்வார். சொன்னது பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே. ஆனால், கையிற் பிரம்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுதல் ஆளுதலாக மாறிவிடும். யார் உரக்கப் படிப்பது, யார் தண்ணீர் குடிக்கப் போவது, யார் எவ்விடத்தில் இருப்பது என்பன யாவும் அவன் வாய்ச்சொல்லில் தங்கிவிடும். திண்ணைப் பள்ளிகள் மறைந்துவிட்டன, சட்டாம்பிள்ளை மறையவில்லை. அலுவலகங்களிலும் சங்கங்களிலும் தொழிற்களங்களிலும் அவன் இன்றும் உலவுகின்றான்.

பதவியில் நிகர், சம்பளத்தில் நிகர். ஆயினும் பேச்சில் மட்டும் மேலதிகாரி. இத்தகைய உடனுழைப்பாளர் பக்கத்து மேசையில் இருந்தால் சமாளிப்பது அவ்வளவு கடினமன்று. அவர் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையை அறியலாம். ஒரு கோப்பை தேநீருக்கு அழைத்துச் சென்று இரண்டு வார்த்தை பேசலாம். அவரே நூறு மைலுக்கு அப்பால் இருந்து, குரலாலும் கடிதத்தாலும் மட்டுமே அறியப்படுவாராயின் நிலைமை வேறு. அவருடைய எண்ணம் இங்குள்ளவருக்குத் தெரிவதில்லை. இங்குள்ள நிலைமை அவருக்குத் தெரிவதில்லை. இவ்விரு அறியாமைகளுக்கும் நடுவில்தான் தூரத்துச் சட்டாம்பிள்ளைத்தனம் வளர்கின்றது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தொழில் பார்ப்போருக்கு இது புதிய செய்தி அன்று. கப்பல் முகவர் நிலையங்களிலும், களஞ்சியங்களிலும், திணைக்களக் கிளைகளிலும் பணி செய்வோர் பலரின் உடனுழைப்பாளர் கொழும்பில் இருக்கின்றனர். சிலருக்கு அவர்கள் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி ஊரடங்கு வந்தபின், வீட்டிலிருந்தபடியே காணொளிக் கூட்டங்களிற் கலந்துகொண்டு வேலை செய்வதும் பெருவழக்காயிற்று. ஒருவரையொருவர் நேரில் காணாமலே மாதக்கணக்கில் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்வோர் இன்று பலர். எனினும், இந்தச் சிக்கலின் மிகப் பெரிய உதாரணம் இன்றைய அலுவலகங்களில் நிகழ்ந்ததன்று. அது 1944ஆம் ஆண்டில் இதே துறைமுகத்தில் நிகழ்ந்தது.

அக்காலத்து நிலைமையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. திருகோணமலையிலிருந்து புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், அதே 9ஆம் தேதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியக் கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. பின்னர் யுத்தத்தின் போக்கு மாறவே, 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கடற்படை பெருங்கப்பல்களுடன் திருகோணமலைக்கு மீண்டது. அதன் தளபதி அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில். 1882ஆம் ஆண்டிற் பிறந்தவர். உடல்நலக் குறைவால் 1939இல் ஓய்வுபெற்று, யுத்தம் மூண்டதும் மீண்டும் கடமைக்கு வந்தவர். மத்தியதரைக் கடலிற் பெயர் பெற்றவர். நகைச்சுவையும் முன்கோபமும் ஒருங்கே உடையவர்.

இதற்கிடையில், 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கியூபெக் நகரிற் கூடிய மகாநாட்டில், தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் என்னும் புதிய அமைப்பொன்று உருவாக்கப்பட்டது. அதன் அதியுயர் தளபதியாக லூயி மவுண்ட்பேற்றன் பிரபு நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 43. கடற்படையில் அவருடைய நிரந்தரப் பதவி கப்டன் என்பதே. அட்மிரல் என்பது தற்காலிகமாக அளிக்கப்பட்ட தரம். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரர். பிரதமர் சேர்ச்சிலின் நம்பிக்கைக்கு உரியவர். ஊக்கமும் கவர்ச்சியும் மிக்கவர். எதிலும் தாமே முன்னிற்க விரும்புபவர். 1944 ஏப்ரல் மாதத்தில் அவர் தமது தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். மகாவலி கங்கை அப்பூந்தோட்டத்தை வளைத்துக்கொண்டு ஓடுகின்றது. அதே கங்கை பல காதம் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. ஆற்றின் நடுப்பகுதியில் ஒருவர், ஆற்றுவாய்க்கு அருகில் ஒருவர் என இரு பெருந்தளபதிகள் ஒரே வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

இவ்விருவருள் யார் யாருக்கு மேலானவர்? இங்கேதான் முடிச்சு விழுந்தது. தென்கிழக்காசியப் போர்முனையில் தரைப்படையைக் கரையிறக்கும் நடவடிக்கைகளுக்குச் சோமர்வில் மவுண்ட்பேற்றனுக்குக் கீழ்ப்பட்டவர். ஆனால், இந்து சமுத்திரம் முழுவதிலும் கப்பற் போக்குவரத்தைக் காக்கும் பொறுப்பில் அவர் இலண்டனிலுள்ள கடற்படைத் தலைமைச் சபைக்கே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் காத்த கடல் ஆபிரிக்கக் கரைவரை பரந்தது. மவுண்ட்பேற்றனின் எல்லையோ அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆகவே, காலையில் ஒரு விடயத்திற் கீழ்ப்பட்டவராகவும், மாலையில் மற்றொரு விடயத்தில் நிகரானவராகவும் சோமர்வில் இருந்தார். எந்த விடயம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஐயமறக் காட்டும் வரையறை எவரிடமும் இல்லை.

எல்லைக்கல் நடப்படாத காணியில் வேலிச் சண்டை எழுவது இயல்பு. போர்த்திட்டங்களைத் தீட்டுவது அதியுயர் தளபதியின் சொந்த அதிகாரிகளா, அல்லது கடல், தரை, வான் படைத் தளபதிகளின் அதிகாரிகளா என்பதில் ஒரு சண்டை. கடற்படைக் கப்பல்களுக்கு அதியுயர் தளபதி எந்த உரிமையோடு வருகை தருவது என்பதில் இன்னொரு சண்டை. பேராதனையிற் பணியாளர் தொகை ஆயிரக்கணக்காகப் பெருகியதைப் பற்றிய முணுமுணுப்பு வேறு. மவுண்ட்பேற்றன் தம்மை மேலதிகாரி என்றே கருதினார். சோமர்வில் தம்மினும் பதினெட்டு வயது இளையவர் ஒருவர் தமது கப்பற்றளத்தில் ஏறி நாட்டாண்மை செய்வதாகக் கருதினார். ஒவ்வொருவரும் இலண்டனிலிருந்த தத்தம் ஆதரவாளருக்குக் கடிதம் எழுதினர். கடிதங்கள் சென்றன, மறுமொழிகள் வந்தன, தெளிவு மட்டும் எளிதில் வரவில்லை.

இந்தப் பிணக்கால் திருகோணமலையின் வேலை நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1944 ஏப்ரல் 16ஆம் தேதி சோமர்வில் பெருங் கப்பற்படை ஒன்றுடன் இத்துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார். பிரித்தானியக் கப்பல்களோடு அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஒல்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் கப்பல்களும் அதில் இருந்தன. 19ஆம் தேதி காலையில், இல்லஸ்ட்ரியஸ், சரற்றோகா என்னும் இரு விமானந்தாங்கிகளிலிருந்து பறந்த விமானங்கள் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கின. தாக்கிய விமானங்களுள் இழக்கப்பட்டது ஒன்றே. அதன் விமானியையும் ராக்றீசியன் என்னும் நீர்மூழ்கிக் கப்பல், கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே மீட்டது. ஆறு நாட்டுக் கப்பல்கள் பிணக்கின்றி இயங்கியமைக்குக் காரணம் வெளிப்படை. கடலில் இறங்கியபின் எவர் சொல் இறுதிச்சொல் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஐயமில்லாத இடத்திற் பிணக்கு முளைக்கவில்லை; ஐயமிருந்த இடத்தில் முளைத்தது.

பிணக்கின் முடிவு இனியதன்று. 1944 ஆகஸ்ட் மாதத்தில் சோமர்வில் தமது பதவியை அட்மிரல் புரூஸ் பிரேசரிடம் ஒப்படைத்து நீங்கினார். அவர் மட்டுமன்று; மவுண்ட்பேற்றனின் கீழ்த் தொடக்கத்திற் பணிசெய்த தரைப்படைத் தளபதி ஜிஃபர்ட், விமானப்படைத் தளபதி பியர்ஸ் ஆகியோரும் அவ்வாண்டு முடிவதற்குள் விலகினர். மூவரும் அனுபவமும் திறமையும் உடையவர்கள். யாரோ ஒருவரைத் தீயவர் என்று தீர்த்துவிடுவது எளிது, அது உண்மையாகாது. மவுண்ட்பேற்றனிடம் ஆளும் வேட்கை இருந்தது. சோமர்விலிடம் விட்டுக்கொடாத வீம்பு இருந்தது. இவ்விரண்டையும் பகையாக முற்றவைத்தவை, வரையறையின்மையும் தூரமும் ஆகும்.

தூரம் செய்த தீங்கு யாது? கண்டிக்கும் திருகோணமலைக்கும் இடையே தெருவழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அந்த வழியைக் கடந்து சென்றவை பெரும்பாலும் காகிதங்கள். நேரிற் சொல்லும் வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு புன்னகை நிற்கும். அது வார்த்தையின் கூரை மழுக்கும். காகிதத்திற் புன்னகை வருவதில்லை. எழுதியவன் ஒருமுறை எழுதுகிறான். வாசிப்பவனோ பத்துமுறை வாசிக்கிறான். ஒவ்வொரு முறையும் அதே சொல் மேலும் கூராகிறது. இன்று காகிதத்தின் இடத்தை மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் எடுத்துக்கொண்டுள்ளன. வேகம் கூடியிருக்கிறது, கூர் குறையவில்லை.

அதே கட்டளைப்பீடத்தில், சோமர்விலுக்கும் மவுண்ட்பேற்றனுக்கும் இடையில் இருந்ததைவிடக் கடினமான உறவொன்றும் இருந்தது. வியப்பு என்னவெனில், அது வெற்றி பெற்றது. அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்ரில்வெல் நாவன்மை அன்று, நாக்கடுமை படைத்தவர். அவருடைய பட்டப்பெயர் ‘காடி ஜோ’ என்பது. காடி போன்ற புளிப்பு அவர் பேச்சில் இருந்தது. பதவியால் அவர் மவுண்ட்பேற்றனுக்கு அடுத்தவர். அத்துடன் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படைத்துறைப் பணியாளர் தலைவருமாவார். வட பர்மாக் காட்டிற் சீனப் படைகளை நேரில் நடத்திக்கொண்டும் இருந்தார். தரைப்படைத் தளபதி ஜிஃபர்டின் கீழ் வரவேண்டும் என்று 1943இல் அவரிடம் கேட்டபோது, அவர் அசையவில்லை. நெடுநேர வாதத்தின் பின், காமைங் என்னும் இடத்தை அடையும்வரை தளபதி வில்லியம் ஸ்லிமின் கட்டளையை ஏற்பதாக அவரே முன்வந்து சொன்னார். ஸ்லிமோ அவரைவிட எட்டு வயது இளையவர், ஜிஃபர்டுக்குக் கீழ்ப்பட்டவர். மேலவரின் சொல்லை ஏற்க மறுத்தவர், அவருக்கும் கீழ்ப்பட்டவரின் சொல்லை ஏற்றார்!

இந்த விந்தையான ஏற்பாடு நிலைத்து நின்றது. ஸ்லிம் தமது நினைவுநூலில் இதைப்பற்றி எழுதியுள்ளவற்றிலிருந்து மூன்று காரணங்கள் புலனாகின்றன. முதலாவது, எல்லை தெளிவாக இருந்தது. எதுவரை, யார் கட்டளை என்பது ஓர் ஊரின் பெயரால் வரையறுக்கப்பட்டது. இரண்டாவது, ஸ்லிம் அவரோடு பேசவேண்டியவற்றைத் தனிமையிற் பேசினார். சபை இருந்தால் ஸ்ரில்வெல் சபைக்காக ஆடுவார். தனித்திருந்தால் நியாயத்துக்கு இணங்குவார் என்பதை ஸ்லிம் கண்டுகொண்டார். மூன்றாவது, ஸ்ரில்வெலின் வேலையில் அவர் சிறுசிறு கட்டளைகள் இட்டுத் தலையிடவில்லை. செய்ய வேண்டியது இன்னது என்று சொல்லி, செய்யும் வகையை அவரிடமே விட்டார். 1942இல் பர்மாவை விட்டுக் கால்நடையாகப் பின்வாங்கிய துன்பத்தை இருவருமே அறிந்தவர்கள் என்பதும் அவர்களைப் பிணைத்தது. 1944 ஜூன் மாதத்தில் காமைங் கைப்பற்றப்பட்டது. அதுவரையில் ஸ்ரில்வெல் தாம் கொடுத்த வாக்கைக் காத்தார்.

சோமர்விலின் கதைக்கும் ஒரு நல்ல பின்னுரை உண்டு. 1944 அக்டோபரில் அவர் வாஷிங்டனிலுள்ள பிரித்தானியக் கடற்படைத் தூதுக்குழுவின் தலைவரானார். அங்கே அவர் பழகவேண்டியிருந்தவர் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஏர்னஸ்ற் கிங். கடுஞ்சொல்லுக்கும் பிரித்தானியர் மீதான வெறுப்புக்கும் பெயர்போனவர் அவர். மவுண்ட்பேற்றனோடு ஒத்துப்போகாதவர் கிங்கோடு எவ்வாறு ஒத்துப்போவார் என்று பலர் ஐயுற்றனர். ஆயின், இருவரும் நன்றாகவே பழகினர். சோமர்விலின் குணம் சில வாரங்களில் மாறிவிடவில்லை. மாறியது இடம், மாறியது உறவின் வரையறை. வாஷிங்டனில் அவர் எவருடைய கீழாளும் அல்லர், எவருடைய கப்பலும் அவருடையதன்று. அவர் வேலை எது, கிங்கின் வேலை எது என்பதில் ஐயம் இல்லை. பேச்சும் நேருக்கு நேர் நிகழ்ந்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றே. தூரத்துச் சட்டாம்பிள்ளைக்கு உணவு இரண்டு: வரையறுக்கப்படாத எல்லை ஒன்று, பார்த்திருக்கும் சபை மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கினால் பெரும்பாலான சட்டாம்பிள்ளைகள் உழைப்பாளிகளாக மாறிவிடுகின்றனர். அவர்கள் குணத்தைத் திருத்தப் புறப்படுவது வீண்வேலை. வேலையின் வரப்பைத் திருத்துவது இயலும் வேலை.

இதனை இன்றைய வாழ்க்கையிற் பொருத்திப் பார்க்கலாம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் சரக்கிறக்கிக் கொண்டிருக்கிறது எனக் கொள்க. காலம் மார்கழி, வாடைக்காற்று வீசுகிறது. கீழ்வானில் மேகம் திரள்வதைக் கண்ட உள்ளூர் ஊழியர், சரக்கறை மூடிகளை மூடச் சொல்ல விரும்புகிறார். கொழும்பிலிருக்கும் உடனுழைப்பாளர், தாமதக் கட்டணம் ஏறும் என்று தொலைபேசியில் உரக்கச் சொல்லி, மூட வேண்டாம் என்கிறார். அவர் மேலதிகாரி அல்லர். ஆனால், அவர் குரல் உயர்ந்தது. கொழும்பில் அப்போது வெயில் எறித்துக்கொண்டிருக்கும். கீழ்க்கரைக்கு மழை தரும் பருவம் மேற்கரைக்கு அவ்வளவு மழை தருவதில்லை என்பது இலங்கை மாணவர் யாவரும் பூமிசாத்திரத்திற் கற்கும் பாடம். மூடாவிட்டால் நனைவது கோதுமை. பின்னர் விளக்கம் எழுதவேண்டியவர் உள்ளூர் ஊழியர். குறைவது அந்த மாவை நம்பியிருக்கும் குடும்பங்களின் உணவு.

இத்தகைய வேளையில் அவர் செய்யத்தக்கது யாது? மேகம் திரண்டபின் வாதிடுவது காலங்கடந்த செயல். கப்பல் வருவதற்கு முன்னரே, எந்த முடிவு யாருடையது என்பதை எழுதிவைத்திருத்தல் வேண்டும். முடிவு செய்பவர் யார், முடிவுக்கு முன் கேட்கப்பட வேண்டியவர் யார், முடிவுக்குப்பின் அறிவிக்கப்பட வேண்டியவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை ஒரே பக்கத்தில் அடங்கும். இதை வகுக்கும்போது ஒரு விதி உதவும்: எதைக் கண்ணாற் கண்டு தீர்க்க வேண்டுமோ, அது கண்ணாற் காண்பவரின் முடிவு, எதைக் கணக்காற் பார்த்துத் தீர்க்க வேண்டுமோ, அது கணக்கு வைத்திருப்பவரின் முடிவு. மூடியை மூடுவது திருகோணமலையின் முடிவு. தாமதக் கட்டணத்தை யார் ஏற்பது என்று பேசுவது கொழும்பின் முடிவு. அந்த ஒரு பக்கத்தை இருவருக்கும் பொதுவான மேலதிகாரி ஏற்றுக் கையொப்பமிட்டால், அதுவே காமைங் ஆகிவிடும்.

அடுத்தது பேசும் முறை. பத்துப்பேர் இருக்கும் காணொளிக் கூட்டத்தில் ஒருவரைத் திருத்த முயல்வது, ஸ்ரில்வெலுக்குச் சபை கூட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கூட்டத்தில் அவர் தோற்க ஒருப்படமாட்டார். கூட்டம் முடிந்தபின் தனியே தொலைபேசியில் அழைப்பதே நன்று. “அண்ணன், ஒரு பத்து நிமிடம் பேசலாமா? கொழும்புக் கணக்கு உங்கள் பொறுப்பு. அதில் நான் கை வைக்கமாட்டேன். மூடியைத் திறப்பதா மூடுவதா என்பது மட்டும் கப்பலடியில் நிற்பவன் கையில் இருக்கட்டும்” என்று ஒருவர் சொன்னால், அதிற் பணிவும் உண்டு, உறுதியும் உண்டு. மற்றவரின் எல்லையை முதலில் மதித்துச் சொல்லி, தமது எல்லையைப் பின்னர் சொல்வது அதன் நுட்பம். கேட்பவர், “அப்படியென்றால் மூடியவுடன் எனக்கு ஒரு சொல் அறிவியுங்கள், தம்பி” என்று சொல்லக்கூடும். அவர் வேண்டியது ஆட்சியன்று, செய்தி என்பது அப்போது வெளிப்படும். தொலைவில் இருப்பவர் அடிக்கடி கட்டளையிடுவதற்குக் காரணம் பல வேளைகளில் ஆணவமன்று. இங்கு நடப்பது தெரியாத கலக்கமே. கேட்கப்படுமுன் செய்தி அனுப்புகிறவரிடம் கட்டளைகள் குறைவாகவே வரும்.

பேசி முடிந்தபின், ஒத்துக்கொண்டதை இரண்டே வரிகளில் எழுதி அனுப்புதல் நலம். குற்றம் சாட்டும் தொனி அதில் இருத்தலாகாது. நன்றியோடு தொடங்கி, முடிவைச் சொல்லி நிறுத்தினாற் போதும். வாய்ச்சொல் மனத்தைத் திறக்கும். எழுத்து முடிவை நிறுத்தும். சோமர்விலும் மவுண்ட்பேற்றனும் எழுத்தைக்கொண்டு வாதிட்டனர். எல்லையை நிறுத்த அது உதவவில்லை. முதலிற் பேச்சு, பின்பு எழுத்து என்னும் ஒழுங்கை மாற்றாதிருப்பது நன்று.

இப்பகுதியில் மொழியைப் பற்றியும் சொல்லவேண்டியுள்ளது. பல கூட்டங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விரைந்து நடைபெறுகின்றன. தமிழில் மட்டும் தெளிவாகப் பேசப் பழகியவர் வாய்திறக்குமுன், வாய்வல்லவர் முடிவை எடுத்துவிடுகிறார். மௌனம் சம்மதமாக எழுதப்பட்டு விடுகிறது. இதற்கு மருந்து கோபமன்று. பேசப்படும் விடயங்களின் நிரலை முதல்நாளே அனுப்புமாறு கேட்கலாம்; தமது கருத்தை எழுத்தில் முன்கூட்டியே கொடுக்கலாம்; முடிவுகளை எழுத்தில் உறுதிசெய்யும் வரை அவை இறுதியானவை அல்ல என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளலாம். தலைமை தாங்குபவர் ஒவ்வொரு கிளையையும் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால், உரத்த குரலின் சலுகை தானே குறையும்.

எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாதிருப்பது என்பதையும் முன்கூட்டித் தீர்மானித்தல் அவசியம். கூட்டம் எந்த நேரத்தில், அறிக்கை எந்த வடிவில், பெயர் எந்த வரிசையில் என்பன போன்றவற்றை மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். சோமர்வில் கப்பலுக்கு வருகைதரும் சடங்கிலும் பொருதினார். தலைமையான போர்த்திட்டத்திலும் பொருதினார். இரண்டுக்கும் ஒரே வேகம் காட்டியதால், முக்கியமானது எதுவென்று மேலிடத்துக்குத் தெரியாமற் போவது இயல்பே. சிறியவற்றில் இணங்குகிறவர் பெரியதொன்றில் இல்லை என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு நிறை உண்டு.

இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின், மேலதிகாரியிடம் செல்வதில் இழுக்கில்லை. ஆனால், மனிதரைப் பற்றி முறையிடாது வேலையைப் பற்றி முறையிட வேண்டும். ‘அவர் திமிர் பிடித்தவர்’ என்பது முறையீடன்று, வசை. ‘இன்ன நாளில் இன்ன முடிவு இருவராலும் வெவ்வேறாக எடுக்கப்பட்டது; இன்ன நட்டம் ஏற்பட்டது; இனி யார் முடிவு செய்வது என்று தெரிவிக்கவும்’ என்பதே முறையீடு. முன்னதற்கு மேலதிகாரி சமாதானம் சொல்லி அனுப்புவார். பின்னதற்கு அவர் விடை சொல்லியே தீரவேண்டும். இனம், சாதி, பால் ஆகியவற்றைக் குறித்த இழிசொல்லோ, அச்சுறுத்தலோ எழுமாயின் அது சட்டாம்பிள்ளைத்தனத்தின் எல்லையைத் தாண்டிய குற்றம். அதனை நயமாகச் சமாளிக்க முயலாது, சான்றுகளைப் பேணி, நிருவாகத்தின் ஒழுக்காற்று வழியிலேயே உடனே கொண்டு செல்லல் வேண்டும். பொறுமை எல்லா நோய்க்கும் மருந்தாகாது.

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகின்றது. மற்றவருக்குத் தூரத்துச் சட்டாம்பிள்ளையாக இருப்பவர் யார்? கொழும்பைக் குறைசொல்லும் திருகோணமலை ஊழியர், மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள தம் உடனுழைப்பாளரிடம் எவ்வாறு பேசுகிறார்? ஒரு நாளில் தாம் அனுப்பிய செய்திகளை மாலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்து, அவற்றுள் கேள்விகள் எத்தனை, கட்டளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பயிற்சி. கட்டளைகள் மிகுந்திருந்தால், கையில் எப்போது பிரம்பு வந்தது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15ஆம் தேதி பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அட்மிரல்களின் பிணக்குகள் கோப்புகளில் உறங்குகின்றன. மகாவலி கங்கை மட்டும் பேராதனையை வளைத்து, கொட்டியாரக் குடாவை நோக்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றது. மலையில் மழை எவ்வளவு என்பதை மேலே இருப்பவர் அறிவார். கழிமுகத்தில் வற்று எப்போது, பெருக்கு எப்போது என்பதைக் கீழே இருப்பவர் அறிவார். இருவரும் தாம் அறிந்ததை மற்றவருக்கு அறிவித்து, மற்றவர் அறிந்ததை மதித்து நடந்தால், நூறு மைல் தூரம் ஒரு தூரமே அன்று.